தடுமாறும் இடத்துக்குத் தயாராகுங்கள்: ஆங்கிலம் பேசும்போது எழும் பதற்றத்தைக் கையாள

கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி மிக எளியது: வேலை ஏன் தாமதமாகிறது? காரணம் எனக்கு முழுமையாகத் தெரியும். சொல்லப்போனால், அங்கிருந்தவர்களில் அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். 'த டிலே இஸ் பிகாஸ்' என்று தொடங்கியவன், அடுத்து 'ஆஃப்' வர வேண்டுமா வேண்டாமா என்ற ஐயத்தில் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு மூன்று நொடிகள்தான் இருக்கும். அதற்குள் காது சூடேறி, உள்ளங்கை வியர்த்து, சொல்ல வந்த செய்தியே நினைவிலிருந்து நழுவியது. கேட்டவர் அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார். 'த பார்ட்ஸ் கேம் லேட். வி லாஸ்ட் த்ரீ டேஸ்' என்று இரண்டு சிறு வாக்கியங்களில் நான் அதை முடித்திருக்கலாம். அவற்றில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாத சொல் இல்லை.

ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பலருக்கும் நிலைமை இதுதான். படித்தால் புரிகிறது, எழுதச் சொன்னால் ஓரளவு எழுதவும் முடிகிறது, ஆனால் எதிரே ஒருவர் நின்று பதிலுக்குக் காத்திருக்கும்போது நா எழுவதில்லை. எலைன் ஹோர்விட்ஸ், மைக்கேல் ஹோர்விட்ஸ், ஜோஆன் கோப் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வேற்றுமொழி கற்கும்போது எழும் பதற்றத்தைத் தனித்த ஒன்றாக அடையாளம் கண்டு, அதை அளப்பதற்கு 33 கூற்றுகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலையும் தந்தது. அவர்கள் சுட்டிய காரணங்களுள் ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: தாய்மொழியில் தெளிவாகவும் மதிப்பாகவும் பேசிப் பழகிய ஒரு பெரியவர், வேற்றுமொழியில் வாய் திறந்த கணத்தில் தம்மைச் சிறுபிள்ளை போல உணர்கிறார், அவரது தன்மதிப்பே அங்கே அடிவாங்குகிறது. ஆகவே பதறுபவரைப் பார்த்து 'இதற்கெல்லாமா பயப்படுவது' என்று சொல்வதில் பயன் இல்லை.

பெரும்பாலோர் இதற்குத் தீர்வாகத் தவறே இல்லாமல் பேசும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நாள் வரப்போவதில்லை. தாய்மொழியிலும் நாம் தவறே இல்லாமல் பேசுவதில்லை. தடுமாறாமல் பேசுவதற்கு ஆயத்தம் செய்வதைவிட, தடுமாறிய பிறகு என்ன செய்வது என்பதற்கு ஆயத்தம் செய்வதே பதற்றத்தைக் குறைக்கும் என்பது என் உறுதியான கருத்து. பயத்தின் வேர் தவறில் இல்லை, தவறுக்குப் பிறகு வரும் அந்த வெற்று நொடிகளில் இருக்கிறது.

முதலில், நாம் ஏன் பாதியில் நிற்கிறோம் என்பதைப் பார்ப்போம். ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடிய செய்தியின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. பேசுவதற்கே அதில் பெரும்பகுதி செலவாகிவிடும் நிலையில், 'சரியாகப் பேசுகிறேனா, இவர் என்ன நினைப்பார்' என்ற கண்காணிப்பும் சேர்ந்துகொண்டால் சொற்களுக்கு இடமில்லாமல் போகிறது. தமிழர்களுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. 'நீங்கள் நேற்று அனுப்பிய கோப்பை நான் இன்னும் பார்க்கவில்லை' என்று நினைக்கும்போது நம் வாக்கியத்தின் வினை கடைசியில் வருகிறது, 'நீங்கள் நேற்று அனுப்பிய' என்ற விளக்கமோ கோப்புக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்திலோ வினை எழுவாயை ஒட்டியே வர வேண்டும், விளக்கம் பெயருக்குப் பின்னால் போக வேண்டும். முழு வாக்கியத்தையும் தமிழில் கட்டிவிட்டு அதைத் தலைகீழாகத் திருப்ப முயல்வதால்தான் நடுவழியில் சிக்கிக்கொள்கிறோம்.

இதற்கு மாற்று, நீண்ட வாக்கியத்தை உடைப்பது. யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் முதலில் சொல்லி முடித்துவிட்டு, மற்ற விவரங்களைத் தனித்தனி வாக்கியங்களாகப் பின்னால் சேர்க்க வேண்டும். 'ஐ ஹேவ்ன்ட் சீன் த ஃபைல். யூ சென்ட் இட் யெஸ்டர்டே, ரைட்?' கேட்பவர் இதைக் குறையாக எண்ணமாட்டார். பேச்சு மொழி எங்குமே சிறு துண்டுகளால்தான் ஆனது. 'பிகாஸ்' என்ற சொல்லில் சிக்கி நின்ற என்னை மீட்டது இந்த ஒரு பழக்கம்தான்.

அடுத்தது, சிக்கிய இடத்தில் கைகொடுக்கும் சொற்றொடர்கள். இவற்றைப் பாடம்போல் படித்தால் போதாது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வரும் அளவுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். ஏனெனில் இவை தேவைப்படும் கணத்தில் யோசிப்பதற்கு மனத்தில் இடமே இருக்காது. யோசிக்க நேரம் வேண்டுமானால் 'லெட் மீ திங்க் ஃபார் எ செகண்ட்'. தொடங்கிய வாக்கியம் எங்கோ போய்விட்டதென்றால், அதைப் பழுதுபார்க்காமல் அங்கேயே விட்டுவிட்டு 'லெட் மீ புட் இட் அனதர் வே' என்று புதிதாகத் தொடங்கலாம். மற்றவர் பேசியது புரியவில்லை என்றால் 'குட் யூ சே தட் அகெய்ன், எ லிட்டில் ஸ்லோவர்?'. பாதி புரிந்திருந்தால் 'டூ யூ மீன்' என்று தொடங்கி, நாம் புரிந்துகொண்டதைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளலாம். தலையாட்டிச் சமாளிப்பதைவிட இது எவ்வளவோ மேல். புரியாமல் தலையாட்டியவர் அடுத்த கேள்வியில் இன்னும் ஆழமாகச் சிக்குவார்.

ஒரு சொல் மறந்துபோகும் சந்தர்ப்பம்தான் இவற்றுள் அதிகம் நேர்வது. ஏணிக்கு ஆங்கிலத்தில் என்ன என்பது நினைவுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'த திங் யூ கிளைம்ப் டு ரீச் த ரூஃப்' என்றால் கேட்பவரே 'லேடர்' என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டிலுள்ள ஒரு பொருளை எடுத்து, அதன் பெயரைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள். நாளுக்கு ஐந்து பொருள்கள் போதும். சில வாரங்களில், சொல் வராவிட்டாலும் பேச்சு நிற்காது என்ற நம்பிக்கை உள்ளே ஊன்றிவிடும்; அதன் பிறகு, வியப்பாக, சொற்களும் முன்பைப் போல ஓடி ஒளிவதில்லை.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். படபடப்பு வரும்போது மூச்சு மேலோட்டமாகிறது, நாக்கு வறள்கிறது, வேகம் கூடுகிறது. பேசத் தொடங்கும் முன் நான்கைந்து முறை, மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரம் நீளுமாறு சுவாசித்தால் இதயத்துடிப்பு தணியும். ஆனால் 'அமைதியாக இரு' என்று மனத்துக்குக் கட்டளையிடுவது அவ்வளவு உதவுவதில்லை. அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பதற்றத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரேபோலத் துடிப்பதால், அந்தத் துடிப்புக்கு நாம் இடும் பெயரை மாற்றுவது எளிதாக இருக்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: உங்கள் பதற்றம் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் ஆகிய உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்துகொண்டு பேசியவர்களின் உரைகள், அறியாதவர்களின் உரைகளைவிடச் சிறப்பாக அமைந்தன. உங்களுக்கு முடிவின்றி நீண்டதாகத் தோன்றிய மௌனம், கேட்பவருக்கு ஒருவர் யோசித்துப் பேசுவதாகவே தெரிந்திருக்கும்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று, ஆனால் அதை விடாமல் செய்ய வேண்டும். மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் 1989இல் ஆராய்ந்து எழுதிய முறை இது: ஒரே செய்தியை மூன்று பேரிடம், முதலில் நான்கு நிமிடத்திலும், பிறகு மூன்று நிமிடத்திலும், கடைசியாக இரண்டு நிமிடத்திலும் சொல்ல வேண்டும். மூன்று பேர் கிடைக்காவிட்டால் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளலாம். உதாரணமாக, 'நேற்று நான் செய்த வேலை' என்பதை எடுத்துக்கொண்டால், முதல் முறை பாதி நேரம் 'அ... அ...' என்றே போகும். இரண்டாம் முறை எங்கே எந்தச் சொல் வேண்டும் என்று வாய்க்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் முறை, அவசரத்தின் காரணமாகவே, இலக்கணத்தைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் செய்தி நேராக வெளியே வரும். அந்த மூன்றாம் பதிவைக் கேட்டுப் பாருங்கள். தன்னைத் தானே கண்காணிப்பதை நிறுத்திய உங்கள் குரல் எப்படியிருக்கும் என்பது முதன்முறையாகக் கேட்கும். உரையை எழுதி மனப்பாடம் செய்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரு சொல் விட்டுப்போனால் மொத்தமும் விட்டுப்போகும். முதல் இரண்டு வாக்கியங்கள் மட்டும் மனப்பாடமாக இருக்கலாம், ஏனெனில் பதற்றம் உச்சத்தில் இருப்பது தொடக்கத்தில்தான்.

தனியே பழகியதை மனிதர்களிடம் கொண்டுபோகும்போது படிப்படியாகப் போவது நல்லது: திருத்தாமல் கேட்கும் நண்பர் ஒருவர், பிறகு சிறு குழு, பிறகு கூட்டம். கூட்டத்தில் கடைசியாகப் பேசலாம் என்று ஒதுங்கியிருந்தால் காத்திருக்கும் நேரமெல்லாம் பயம் வளரும். தொடக்கத்திலேயே ஒரு சிறு கேள்வியையாவது கேட்டுவிட்டால் குரல் திறந்துகொள்ளும். தொலைபேசியில் பேசப் பயப்படுபவர்கள் தொடக்க வாக்கியத்தையும், கேட்க வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளையும் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளலாம். மறுமுனையில் இருப்பவருக்கு அந்தத் தாள் தெரியப் போவதில்லை.

உச்சரிப்பைப் பற்றிய கூச்சம் தேவைக்கு மேல் பெரிதாக்கப்பட்ட ஒன்று என்றே நினைக்கிறேன். உலகில் ஆங்கிலம் பேசுவோரில், அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட இரண்டாம் மொழியாகக் கற்றவர்களே அதிகம். அத்தகையோர் ஒருவரோடொருவர் பேசும்போது எந்த ஒலிகள் பிழைத்தால் பொருள் கெடுகிறது என்பதை ஆராய்ந்த ஜெனிபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியிட்ட முடிவுகளில், உயிரொலியின் நீளமும், வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு அழுத்தம் விழுகிறது என்பதும் முக்கியம் என்று காட்டினார். குறில், நெடில் பழகிய நமக்கு முதலாவது எளிது. இரண்டாவதற்குக் கவனம் தேவை: 'திங்கட்கிழமைதான் அனுப்பினேன்' என்பதில் 'தான்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் குரலே செய்ய வேண்டும், 'மண்டே' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். அதோடு, தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாத ஒலிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்கும் ரசீதுக்கும் நாம் எழுதுவது 'பில்'தான், மேலங்கிக்கும் ஆட்டுக்கும் 'கோட்'தான். பேசும்போது அவை வேறு வேறு. இவ்வளவில் கவனம் இருந்தால் போதும், தமிழ் வாடை அடிக்கிறதே என்று வருந்த வேண்டியதில்லை.

யாரேனும் சிரித்துவிட்டால்? வலிக்கும்தான். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்காமல், சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுங்கள்; 'மை இங்கிலீஷ் இஸ் நாட் குட்' என்று முன்கூட்டியே அறிவித்துக்கொள்வதையும் நிறுத்துங்கள், அது கேட்பவரின் கவனத்தைச் செய்தியிலிருந்து பிழையின் பக்கம் திருப்பிவிடுகிறது. தாய்மொழியிலும் நாலு பேர் முன்னால் பேச முடியாத அளவுக்கு நடுக்கம் இருந்தால், அது மொழியின் சிக்கல் அன்று. தயங்காமல் உளவியல் ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது நல்லது.

பேசி முடித்த அன்று இரவு, செய்த பிழைகளையெல்லாம் பட்டியலிட்டு வருந்தாதீர்கள். எந்த இடத்தில் சொல் இல்லாமல் நின்றீர்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்தி, அங்கே தேவைப்பட்ட அந்த ஒரு வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதி, வாய்விட்டுப் பத்து முறை சொல்லுங்கள். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது 'த பார்ட்ஸ் கேம் லேட்'.