வெள்ளத்துக்குப் பிறகு ஊர் கூடிக் கிணறு இறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் கூடிக் கிணறு இறைப்பது நல்ல காரியம். வெள்ளம் வடிந்த மறுநாளே ஒழுங்கை முழுவதும் ஒரே நேரத்தில் இறைக்கத் தொடங்குவதுதான் பிழை. யாழ் குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் துவாரமுமான சுண்ணக்கல். அதற்குள் மழைநீர், கடல்நீருக்கு மேலே மெல்லிய வில்லையாக நிற்கிறது. வளவுக்கு வளவு மதில் உண்டு, கீழே ஓடுகிற தண்ணீருக்கு மதில் இல்லை. பக்கத்து வீட்டு மலசலகூடக் குழி நிரம்பிக் கிடக்கும்போது உங்கள் கிணற்றை அடிமட்டம் வரை இறைத்தால், ஊறி வருவது அந்தக் குழித் தண்ணீராகவும் இருக்கலாம். கரையோரத்திலும் தீவகத்திலும் உவர் மேலேறும். 2004 கடல்கோளுக்குப் பிறகு, உப்பு போகட்டும் என்று கிழக்குக் கரையில் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகள் பலவற்றில் உப்பு குறையவில்லை. அதைக் கழுவியது பிறகு வந்த மாரி மழைதான்.

ஆகவே முதல் வேலை குழிகள். எந்த வீட்டுக் குழி நிரம்பி வழிகிறது, அது எந்தக் கிணற்றுக்கு 15 மீற்றருக்குள் இருக்கிறது என்று ஒழுங்கை ஒழுங்கையாக எழுதுங்கள். பிரதேச சபையின் கழிவு பவுசருக்கு வீட்டுக்கு ஒருவராகச் சொல்லாமல், முழுப் பட்டியலையும் ஒன்றாகக் கொடுங்கள். குழிக் கழிவை வாய்க்காலில் வெட்டி விடுவதை யார் செய்தாலும் தடுக்க வேண்டும். அது சுற்றி வந்து ஊர்க் கிணற்றில்தான் இறங்கும்.

அடுத்து, எந்தக் கிணற்றை முதலில் இறைப்பது? செல்வாக்குள்ளவர் வீட்டுக் கிணற்றை அல்ல. வெள்ளம் கட்டுக்கு மேலால் போகாத, மேட்டு நிலத்தில் இருக்கிற, குழிகளுக்குத் தூரமான ஒன்றிரண்டைத் தெரிந்து பொதுக் குடிநீர்க் கிணறாக்குங்கள். யாரும் கேட்டுக்கொண்டு நிற்காமல் வந்து அள்ளக்கூடியதாக அது இருக்க வேண்டும். சாதி பார்த்து ஆட்களை வாசலில் நிறுத்துகிற வளவுக்குள் இருப்பது பொதுக்கிணறு ஆகாது. அந்தப் பழைய அநியாயத்துக்கு வெள்ள நேரத்திலும் இடம் கொடுக்கக் கூடாது. மற்றக் கிணறுகளை நாளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்து இறைக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வளவுகளை விட்டுவிடாதீர்கள். செத்த எலியும் குப்பையும் மிதக்கிற கிணறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சொந்தக்காரரிடம் போனில் அனுமதி கேட்டுத் திறவுங்கள்.

இறைக்கும்போது உயிராபத்தான பிழை ஒன்று உண்டு. பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் தட்டுக் கட்டி இறக்குவார்கள். அதன் புகையில் வருகிற காபனோரொக்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தாலும் அது காட்டிக் கொடுக்காது. இந்தப் பம்புகள் ஏழு மீற்றர் வரை உறிஞ்சும். மாரியில் நீர்மட்டம் மேலே நிற்கும் என்பதால் கீழே இறக்கத் தேவையே இல்லை. பம்பைத் தரையில், கிணற்று வாயிலிருந்து விலக்கி, காற்று கிணற்றுப் பக்கம் வீசாத திசையில் வையுங்கள். உள்ளே இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், மேலே இரண்டு பேர் அதைப் பிடித்தபடி நிற்க வேண்டும். மின்மோட்டர் இருந்தால் அவர் இறங்குமுன் பிரதான ஆளியையே நிறுத்துங்கள்.

நிலம் ஊறிக் கிடக்கும்போது கிணற்றை ஒரேயடியாக வெறுமையாக்கினால் கட்டு உள்ளே சரியலாம். பாதி இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறையுங்கள். கடலுக்குக் கிட்ட என்றால் இடையிடையே தண்ணீரின் உப்பைக் காட்டுகிற மின்கடத்துதிறனை அளவுகருவியால் பாருங்கள். அளவு கூடத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வெளிநாட்டு உறவுகள் பணம் அனுப்பக் கேட்டால், போத்தல் தண்ணீருக்குப் பதிலாக இந்தக் கருவி ஒன்றையும் குளோரின் பரிசோதனைப் பெட்டி ஒன்றையும் ஊருக்கு வாங்கித் தரச் சொல்லலாம்.

குளோரின் போடுவதில்தான் கண்மதிப்பு வேலை அதிகம். கலங்கல் தண்ணீரில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் சேற்றை அள்ளி, சுவரைத் தும்புத்தடியால் தேய்த்து, தண்ணீர் தெளிந்த பிறகே போட வேண்டும். கணக்கு இதுதான்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785 ஆலும் நீரின் ஆழத்தாலும் பெருக்கினால் கன மீற்றர் வரும். 2.5 மீற்றர் விட்டம், 3 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 15 கன மீற்றர். 65 முதல் 70 வீதச் செறிவுள்ள குளோரின் தூள் கன மீற்றருக்கு 150 கிராம் வேண்டும். இந்தக் கிணற்றுக்கு 2.2 கிலோ. 30 வீத பிளீச்சிங் பவுடர் என்றால் 5 கிலோ. திறந்து கனநாள் கிடந்த பக்கற்றில் வலு குறைந்திருக்கும், அதை நம்ப வேண்டாம்.

தூளை நேரே கொட்டினால் அடியில் போய்க் குந்திவிடும். 20 லீற்றர் பிளாஸ்ரிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு 300 கிராம் தூள். கலக்கி, சுண்ணாம்பு அடைய விட்டு, மேல் தெளிவை மட்டும் சுற்றிவர ஊற்றுங்கள். மேலே சொன்ன கிணற்றுக்கு, 65 முதல் 70 வீதத் தூள் என்றால் ஏழெட்டு வாளி வரும். மலசலகூடம் கழுவுகிற அமிலத்தை இதன் கிட்டவும் கொண்டுவரக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். குளோரின் மணக்கும் வரை குழாய்களைத் திறந்து விடுங்கள், மேல் தாங்கியும் சுத்தமாகும். ஓரிரவு, குறைந்தது 12 மணித்தியாலம், ஒருவரும் அள்ளாமல் விட்டு, பிறகு மெல்ல மெல்ல இறையுங்கள். மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் புழங்கலாம். பரிசோதனை முடிவு வரும்வரை குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே தீர வேண்டும்.

மண்ணெண்ணெய் மினுக்கம் தெரிந்தாலோ, தோட்டத்து மருந்து கலந்ததாகச் சந்தேகம் இருந்தாலோ குளோரினால் பயனில்லை. அந்தக் கிணற்றை மூடி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். குடாநாட்டின் வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில், உரத்திலிருந்து இறங்குகிற நைத்திரேற்றும் உண்டு. கொதிக்க வைத்தால் அது போகாது, செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம், குடிநீர்ப் பவுசரில் வருகிற தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.

சிரமதானத்துக்கு வெறுங்காலோடு இறங்குவதை இன்னும் வீரமாக நினைக்கிறார்கள். 2024 டிசெம்பரில் யாழ் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. சப்பாத்து, கையுறை இல்லாதவருக்குச் சேறில்லாத வேலையைக் கொடுங்கள். தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, இறங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பிறகு காய்ச்சலோ கெண்டைக்கால் நோவோ வந்தால், சேற்றில் நின்றதைச் சொல்லி அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கடைசியாக, மாதிரி எடுக்கிற நேரம். குளோரின் நிற்கும்போது எடுத்தால் கிருமி இல்லை என்றுதான் முடிவு வரும். குளோரின் முற்றாகப் போய்ச் சில நாள் கழித்து, பரிசோதகர் தருகிற கிருமி நீக்கிய போத்தலில் எடுங்கள். அடுத்த பெருமழைக்குப் பிறகு, குழிக்குக் கிட்டவான கிணறுகளில் இன்னொரு முறை எடுங்கள்.