பெருந்தொற்றுக் காலத்தில் தத்தித் திரியும் குழந்தையோடு வீட்டுக்குள்

2020 மார்ச் 11 அன்று உலகச் சுகாதார அமைப்பு கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தபின் வீட்டுக்குள் முடங்கிய தாய்மார்கள் பலருக்கு, "இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான்" என்று சொல்ல அருகில் ஆளில்லாமற்போயிற்று. அத்தகைய காலத்தில் எந்த வயதுக்கு எது இயல்பு என்பதைத் தாயே அறிந்து வைத்திருப்பது அவசியமாகிறது.

ஒன்றரை வயதுக் குழந்தை கரண்டியைப் பத்தாவது முறையாகக் கீழே போட்டுவிட்டு உங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தால், அதைப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். விழுந்த பொருள் என்னவாகிறது, அம்மா என்ன செய்கிறாள் என்ற இரண்டையும் அது ஒருசேரச் சோதிக்கிறது. இதை அறிந்தவர் "விழுந்துவிட்டதே!" என்று எடுத்துக் கொடுப்பார். பதினோராவது முறை எரிச்சல் வருவதும் இயல்புதான். அப்போது கரண்டியை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைக் கையில் கொடுங்கள்.

குழந்தை சன்னலைச் சுட்டி "கா" என்றால், "ஆமாம், கறுப்புக் காக்கா" என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு சில விநாடிகள் பேசாமல் காத்திருங்கள். நாம் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் காத்திருப்பைத்தான்; குழந்தையின் முறை வருமுன்பே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம்.

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் நடத்திய ஆய்வில், தாய் சிறிது நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாதிருந்தபோது, கைக்குழந்தை முதலில் அவளை ஈர்க்க முயன்று, பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. தொற்றுச் செய்திகளில் மூழ்கிக் கைப்பேசியைப் பார்த்திருக்கும் முகமும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே என்பதால், செய்தி படிப்பதைக் குழந்தை தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

உலகச் சுகாதார அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு வயதில் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. பாட்டியுடனான காணொளி அழைப்பை நான் இக்கணக்கில் சேர்க்கமாட்டேன்; ஆனால் நீங்கள் அருகில் அமர்ந்து பேச்சை இணைத்துவிட வேண்டும். முகக்கவசத்தைக் கண்டு குழந்தை மிரண்டால், வீட்டிலேயே அதை அணிந்தும் கழற்றியும் கண்ணாமூச்சி காட்டிப் பழக்குங்கள்.

குழந்தை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ, ஏற்கெனவே பேசிய சொற்களை இழந்தாலோ, ஆட்களைப் பார்க்காததால் அப்படி என்று விட்டுவிடாமல், தொலைபேசியிலாவது உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.