கவாத்துக் கத்தி கையைக் கிழித்தால்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுபவர்களுக்குக் கையில் வெட்டுப்படுவது புதிதன்று. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான சிறு காயங்களில் இரத்தம் நின்றுவிடும். பிறகு ஓடைத் தண்ணீரைத் தவிர்த்து, குழாய் நீரிலோ காய்ச்சி ஆறவைத்த நீரிலோ மண்ணும் இலைத்துகளும் போகும்வரை கழுவ வேண்டும். காபித்தூளும் சுண்ணாம்பும் வைப்பது நம் வழக்கம்தான். ஆனால் அந்தத் துகள்கள் காயத்துக்குள் அந்நியப் பொருளாகத் தங்கிக் கிருமிக்குப் புகலிடமாவதால், அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

நாம் கழுவிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது. இரத்தநீரில், பெரும்பாலும் கல்லீரலில் உருவாகி, செயலற்ற நிலையில் சுற்றிவரும் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் காம்ப்ளிமென்ட் எனப்படுகின்றன. கிருமியின் மேல் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ஒட்டினாலும், அதன் மேற்பரப்புச் சர்க்கரையை ஒரு கல்லீரல் புரதம் அடையாளம் கண்டாலும், இரண்டும் இன்றித் தானாகவும் இவை விழித்துக்கொள்ளும். மூன்று வழிகளும் சி3 என்ற புரதத்தில் வந்து சேர்கின்றன. அது பிளந்தவுடன் பெரிய துண்டான சி3பி கிருமியின் மேல் ஒட்டி, அதை விழுங்கத்தக்கதாக அடையாளமிடுகிறது. அடுத்து உடையும் சி5-இன் சிறு துண்டான சி5ஏ, நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்களை அழைக்கிறது. மிஞ்சியவை ஒன்றுகூடிச் சில கிருமிகளின் சவ்வில் துளையிடும். ஆனால் தோல் காயங்களில் அதிகம் காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸின் சுவர் தடிமனானதால் அந்தத் துளை பலிப்பதில்லை. அங்கே வெள்ளணுக்கள் வந்து விழுங்கியாக வேண்டும்.

வெள்ளணுக்கள் இரத்தக்குழாயின் சுவரில் ஒட்டி, இடுக்கு வழியே நசுங்கி வெளியேறி, சி5ஏ அதிகமாக உள்ள திசை நோக்கி நகர்கின்றன. விழுங்கிய கிருமியைக் கொல்லும் வேதிப்பொருளை உருவாக்க அவற்றுக்கு ஆக்சிஜன் நிறையத் தேவை. உறைபனிக் காலத்தில் விரல்நுனிகளின் இரத்தக்குழாய்கள் சுருங்கி ஆக்சிஜன் வரத்து குறைவதால், காயம்பட்ட கையை உலர்வாகவும் கதகதப்பாகவும் வைத்திருப்பது மருந்துக்கு நிகரான கவனிப்பு என்றே சொல்வேன். நெருப்பருகே நேரடியாகக் காட்டக்கூடாது. பீடியும் இதே காரணத்தால் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

முதல் இரண்டு நாள்களில் காயத்தைச் சுற்றித் தோன்றும் லேசான சிவப்பும் சூடும் வீக்கமும் இந்த வேலையின் அடையாளமே. அதற்காக வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்கத் தேவையில்லை. சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினாலோ, கையின் மேல்நோக்கிச் சிவந்த வரி ஓடினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் வெள்ளணுக்கள் மந்தமாகச் செயல்படுவதால், அவர்கள் இவ்வளவு காத்திருக்கவே கூடாது. பெரியவர்களுக்கு வெள்ளணு எண்ணிக்கை பொதுவாக மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அது கூடினால் மட்டுமே ஆபத்து என்று எண்ண வேண்டாம். கடும் தொற்றில் எண்ணிக்கை சரிந்தால் அது இன்னும் கவலைக்குரியது.

இந்தக் காவல் செல்லுபடியாகாத இடங்களும் உண்டு. மண்ணிலுள்ள டெட்டனஸ் கிருமி காயத்தின் ஆழத்தில் நஞ்சை வெளிவிடுகிறது. அந்த நஞ்சை வெள்ளணு விழுங்கித் தீர்க்க முடியாது, தடுப்பூசியால் உருவான எதிர்ப்புரதமே முறிக்கும். அழுக்கான காயம் பட்டு, கடைசித் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

புதர்களில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் கிருமியோ நம் செல்களுக்குள்ளேயே புகுந்து வளர்வதால், இரத்தநீரில் உள்ள காம்ப்ளிமென்டுக்கு எளிதில் எட்டாது. ஆகவே காய்ச்சல் விடாமல் அடித்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்புகளில் வலியில்லாத கறுத்த பொருக்கு உள்ளதா என்று தேடிப் பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும், தேயிலைக் காட்டில் வேலை செய்வதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலத்தோடு கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை இதற்கு நன்றாகக் கேட்கும்.