சிக்னல்ல போர்டு புடிக்க ஆளு நிறுத்தி கடைக்கு கூட்டம் சேக்குறது எப்படி

நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்ல கடை உள்தள்ளி இருந்தா, முச்சந்தியில ஒரு ஆளு போர்டு புடிச்சு நின்னாலே நல்ல பலன் இருக்கும்.

மொதல்ல மஜ்லிஸ்ல, அதான் நகராட்சி ஆபீஸ்ல, போய் கேளுங்க, விளம்பரத்துக்கு லைசென்ஸ் அவங்கதான் குடுக்கறாங்க, கேக்காம நின்னா சம்மன் வரலாம். போர்டுல மலாய் எழுத்து பெருசா இருக்கணும், தமிழ் அதுக்கு கீழ.

எழுத்துதான் ரொம்ப முக்கியம், நெறைய பேரு இங்கதான் கோட்டை விடறாங்க, மெனு பூரா எழுதிருவாங்க, மோட்டர் சைக்கிள்ல போறவன் ரெண்டு மூணு செகண்டுதான் பாப்பான், அதனால கடை பேரு, ஒரே ஒரு சாமான், வெல, ஒரு அம்புக்குறி, அவ்ளோதான். 6 இஞ்ச் எழுத்து 60 அடி தூரத்துல நல்லா தெரியும். மஞ்சள்ல கருப்பு. இம்ப்ரா போர்டுன்னு ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கு, அத எடுங்க, லேசா இருக்கும், மழைக்கும் தாங்கும்.

நம்ம நாட்டுல வண்டி இடது பக்கம் ஓடுது, அதனால கடைக்கு திரும்புற சந்திக்கு முன்னாடியே இடது ஓரமா, வர்ற வண்டிய பாத்து நிக்கணும். ரோட்டுல எறங்கக்கூடாது, வளைவுல மறைக்கக்கூடாது.

சம்பளம் போட்ட வாரம்தான் பெஸ்ட். மாசம் முடிஞ்சு சட்டப்படி 7 நாளுக்குள்ள போட்டுருவாங்க, அந்த சனிக்கிழம சாயங்காலம் தோட்டத்து லயத்து வீடுங்கள்லேருந்து எல்லாரும் டவுனுக்கு எறங்குவாங்க, பசார் மாலாம், அதான் ராத்திரி சந்தை, இருந்தா இன்னும் நல்லது.

நிக்கிற தம்பிய நல்லா பாத்துக்கங்க. சம்பளம் மணிக்கு 8.17 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொறையக்கூடாது, தொப்பி, தண்ணி, மணிக்கொருதரம் நெழல்ல ஒக்கார வைங்க, இடி இடிச்சா ஒடனே உள்ள கூப்புட்டுருங்க. கடைக்கு வர்றவங்ககிட்ட போர்ட பாத்தா வந்தீங்கன்னு கேட்டு நோட்டுல ஒரு கோடு போட்டு வைங்க.