பழைய லாரி கேபினில் இரைச்சலைக் குறைத்த முறை

டாடா எல்பிடி மாதிரி பழைய வண்டிகளில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, கேபினுக்குள் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. சத்தத்தில் பெரும்பங்கு அங்கிருந்தும் ஓட்டைகள் வழியாகவும்தான் வருகிறது. அதனால் முதலில் ஓட்டைகளை அடைத்தேன்: கியர் ராடைச் சுற்றியுள்ள ரப்பர் உறை (பூட்), பெடல், ஸ்டீயரிங் நுழையும் இடங்கள், ஒயர் நுழையும் துளையின் ரப்பர் வளையம் (குரோமெட்), இன்ஜின் மூடியின் விளிம்பு ரப்பர். செலவு குறைவு, பலன் அதிகம்.

பிறகு சீட், மேட் எல்லாம் கழற்றித் தரையைப் பார்க்க வேண்டும். துருவின் மேல் அதிர்வு அடக்கும் ஷீட்டை ஒட்டினால் துரு உள்ளேயே தகரத்தைத் தின்னும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்தேன். 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (ஒரு பக்கம் ஒட்டும் ரப்பர், மறுபக்கம் ஃபாயில்) போதும். அது தகரத்தின் அதிர்வைத்தான் அடக்கும். தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும் பரப்பின் நடுவில் 25 முதல் 40 சதவீதம் ஒட்டினாலே போதும். முழுக்க ஒட்டுவது எடைக்கும் காசுக்கும் கேடு. ஃபாயிலின் மேலே உள்ள புடைப்புக்கோடுகள் தட்டையாகும்வரை ரோலரால் அழுத்துங்கள். ஷீட்டுக்கு அடியில் காற்று நின்றால் வெயிலில் உரியும். கூரைக்குத் தார் ஷீட் வேண்டவே வேண்டாம், சித்திரை வெயிலில் இளகித் தொங்கும்.

தகரத்தின் அதிர்வாக இல்லாமல் காற்று வழியாகக் காதுக்கு வரும் சத்தத்துக்கு மருந்து வேறு: 6 மி.மீ. நீர் உறிஞ்சாத ஃபோம், அதன்மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைல் ஷீட், இடைவெளியில்லாமல். மெத்தை ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துத் தரையை அரிக்கும்.

இன்ஜின் மூடியின் உட்புறத்துக்கு ஃபாயில் போட்ட கண்ணாடி இழைப் போர்வைதான். அதை வாஷர் வைத்து ஸ்குரூவால் பிடியுங்கள். வெறும் பசையை நம்பினால் சூட்டில் கழன்று இன்ஜின் பெல்ட்டில் சிக்கும். கதவுக்குள் ஒட்டும்போது கீழ் விளிம்பின் வடிகால் துளைகளையும் கண்ணாடி இறங்கும் பாதையையும் மறைக்காதீர்கள்.