மீதிப் பெட்டிகள் எங்கே போயின? ஓப்பன் ரெயில்ஸில் பாதைகளையும் வண்டிகளையும் சேர்க்கும் முறை

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தண்டையார்பேட்டை யார்டுக்குப் போகும் சரக்கு வண்டிகளின் சத்தம் தெளிவாகக் கேட்கும். அப்பா அந்த யார்டில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஷண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையில் நான் கணினியில் ரயில் ஓட்டும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் ராயபுரம் ஷெட் பெயர் தாங்கிய டபிள்யூஏபி-7 மின்சார எஞ்சினுக்குப் பின்னால் 22 பெட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் 14 மட்டுமே நின்றன. அப்பா ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, "மீதி எட்டுப் பெட்டி எங்கேடா?" என்று கேட்டார். அதற்கு விடை தேடப் போய்த்தான் இந்த வேலையை முறையாகக் கற்றேன்.

நான் ஓட்டுவது ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் ஓட்டும் கணினி விளையாட்டு. இலவசம். 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டருக்காக உலகம் முழுவதும் ஆர்வலர்கள் உருவாக்கிய பாதைகளையும் எஞ்சின்களையும் இது அப்படியே படித்து ஓட்டும். நம் இந்திய எஞ்சின்களும் பெட்டிகளும் அந்த வடிவத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் பலர் பல ஆண்டுகளில் தனித்தனியாகச் செய்தவை என்பதால், எதை எங்கே வைப்பது என்ற ஒழுங்கை நாம்தான் காக்க வேண்டும்.

முதல் ஒழுங்கு, ஒவ்வொரு பெரிய பாதைக்கும் தனி வீடு. வீடு என்று நான் சொல்வது ஒரு ஃபோல்டர். அதற்குள் குளோபல், ரூட்ஸ், சவுண்ட், டிரெயின்ஸ் என்று நான்கு அறைகள் இருக்கும். 'டி' டிரைவில் இப்படிப் பல வீடுகளைக் கட்டி, ஓப்பன் ரெயில்ஸின் ஆப்ஷன்ஸ் பகுதியில் கன்டென்ட் என்ற தாவலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்துச் சேர்த்துவிடுங்கள். முகப்புத் திரையில் வேண்டிய வீட்டைத் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் மட்டும் கட்டாதீர்கள். அங்கே எழுதுவதற்கு விண்டோஸ் அனுமதி கேட்கும். சில நேரம் கேட்காமலேயே தடுத்துவிடும்.

தனி வீடு ஏன் என்றால், குளோபல் அறையில் டிசெக்‌ஷன்.டாட் (tsection.dat) என்று ஒரு கோப்பு இருக்கிறது. தண்டவாளத் துண்டுகளின் நீளம், வளைவு, தடம் பிரியும் பாயின்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் அதுதான் பதிவேடு. நோட்பேடில் திறந்தால் மேலேயே அதன் பதிப்பு எண் தெரியும். புதிய பதிப்பு பழைய பாதைகளையும் தாங்கும். பழைய பதிப்பு புதிய பாதையைத் தாங்காது. சில இன்ஸ்டாலர்கள் தங்களிடம் உள்ள பழைய பதிவேட்டைக் கேட்காமல் மேலே எழுதிவிடுகின்றன. அப்படி ஒன்று எனக்கு ஒரு முழுப் பாதையையும் திறக்க முடியாமல் செய்துவிட்டது. ஆகவே எதைச் சேர்க்கும் முன்பும் இந்த ஒரு கோப்பை நகலெடுத்து வையுங்கள். எண்ணை ஒப்பிட்டுப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பாதையின் சொந்த ஃபோல்டருக்குள்ளும் இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கலாம். அது அந்தப் பாதைக்கு மட்டுமான வேறு கணக்கு. இரண்டையும் இடம் மாற்றினால் இரண்டுமே கெடும்.

பதிவிறக்கிய ஜிப் கோப்பை நேராக வீட்டுக்குள் விரிக்காதீர்கள். முதலில் ஒரு காலி ஃபோல்டரில் விரித்துப் பாருங்கள். பல நேரம் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அப்படியே தூக்கிப் போட்டால் எஞ்சின் பட்டியலில் வராது. கூட வரும் ரீட்மீ கோப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். அதைச் செய்தவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உழைத்து இலவசமாகத் தந்திருக்கிறார். அவர் எழுதியதைப் படிப்பதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை. சில பாதைகளில் இன்ஸ்டால்மீ.பேட் என்று ஒன்று இருக்கும். அது மைக்ரோசாஃப்டின் அந்தப் பழைய விளையாட்டோடு வந்த ஆறு பாதைகளிலிருந்து மரம், கட்டடம், ஒலி ஆகியவற்றை எடுத்து வரும். அந்த ஆறில் அது கேட்பவை அதே வீட்டின் ரூட்ஸ் அறையில் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

இப்போது அப்பாவின் எட்டுப் பெட்டிகளுக்கு வருகிறேன். ஒரு வண்டியில் எந்தெந்தப் பெட்டி என்பதைக் கன்சிஸ்ட் கோப்பு சொல்கிறது. அதில் பெட்டியின் பெயரும் அது இருக்கும் ஃபோல்டரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். நான் டிரெயின்ஸ் அறைக்குள் இருக்கும் டிரெயின்செட் ஃபோல்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று ஸ்லீப்பர் பெட்டிகளின் ஃபோல்டர் பெயரை மாற்றியிருந்தேன். ஓப்பன் ரெயில்ஸ் அவற்றைத் தேடியது, கிடைக்கவில்லை, விட்டுவிட்டு மற்றவற்றைக் கோத்துவிட்டது. டெஸ்க்டாப்பில் அது எழுதி வைக்கும் ஓப்பன்ரெயில்ஸ்லாக் என்ற பதிவைத் திறந்தபோது எட்டுப் பெட்டிகளும் வரிசையாக அதில் இருந்தன. பெயரைப் பழையபடி மாற்றினேன். 22ம் வந்து நின்றன. ஃபோல்டர் பெயர் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் கைவைக்காதீர்கள். எஞ்சினின் கேபினோ ஹாரன் ஒலியோ வரவில்லை என்றாலும் அந்தப் பதிவைத்தான் முதலில் பாருங்கள். பெரும்பாலும் அவை வேறொரு எஞ்சினின் ஃபோல்டரிலிருந்து கடன் வாங்கப்பட்டிருக்கும். அந்த எஞ்சின் உங்கள் வீட்டில் இருக்காது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேதியையும் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். நான் அப்பாவின் பழைய கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன்.

ஓப்பன் ரெயில்ஸுக்கே புதிய பதிப்பு வந்தால் முகப்புத் திரையில் காட்டும். ஸ்டேபிள், டெஸ்டிங், அன்ஸ்டேபிள் என்று மூன்று தடங்கள் உண்டு. நன்கு சோதிக்கப்பட்ட ஸ்டேபிளில் இருங்கள். பாதி வழியில் சேமித்து வைத்த பயணம் இருந்தால் அதை ஓட்டி முடித்துவிட்டுப் புதுப்பியுங்கள். பழைய பதிப்பில் சேமித்தது புதியதில் திறக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கடைசியாக நகல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மேசைக்கடியில் இருந்த சிபியு நனைந்து போனது. எல்லா வீடுகளின் நகலும் இருந்த வெளி டிஸ்க் பரணில், அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில், உலர்ந்த துணியில் சுற்றி இருந்தது. வேறு கணினி வாங்கியதும் ஃபோல்டர்களை அப்படியே நகலெடுத்து, கன்டென்ட் தாவலில் பெயர்களைச் சேர்த்தேன். அன்று மாலையே வண்டி ஓடியது. இப்போதும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த டிஸ்க்கை இறக்கி, புதியவற்றை நகலெடுத்து, மீண்டும் பரணில் ஏற்றி வைக்கிறேன்.