கிராம சபைக்குப் போறீங்களா? கையெழுத்து கடைசியில்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதன் உறுப்பினர்தான். யாரும் அழைக்க வேண்டியதில்லை.

குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று பலரும் எழுந்து சத்தம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பேசியது காற்றோடு போய்விடும், ஏட்டில் ஏறியதுதான் நிற்கும். அதனால் கோரிக்கையை ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை நாளாகப் பிரச்சினை என்று தெளிவாக இருக்கட்டும். தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது. "இதைத் தீர்மானமாக எழுதுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

முக்கியமான விஷயம்: தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே போடாதீர்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் போதிய ஆட்கள் சேர வேண்டும். ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் குறைந்தது 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துப் போங்கள்.

தீர்மான நகல் தர மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டுக் கேட்கலாம்.